அரிசி டிரம்மில் ஏழு பென்சில்

(புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிளை நூலக வாசகர் வட்டத்தில், குழந்தைகள் தினத்தன்று பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, இன்னும் இரண்டு கூட்டங்களை விட்டுவிட்டு இங்கே வந்ததாக மூன்று முறை சொல்லிவிட்ட கவுன்சிலர் அவர்களே, எனக்குத் துண்டு போர்த்திய நூலகர் தம்பி (துண்டு வேண்டாம், புத்தகம் கொடு என்று போன வருடமே சொன்னேன், துண்டுதான் மலிவு என்கிறார்), காசு வாங்காமல் மைக் செட் கட்டிய தம்பி, பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பாயில் உட்காராமல் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைமையுரை நாற்பது நிமிடம் போனதால் எனக்கு இருபதுதான் என்று சீட்டு வந்திருக்கிறது. டாக்டர் அம்மா பேசியதில் ஒரு வார்த்தைகூட வீண் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று விஷயம் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். குழந்தையிடம் எப்படிப் பேசுவது, குழந்தை சொல்வதை எப்படிக் கேட்பது, குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் எப்படிப் பேசிக்கொள்வது.

கோலெடுத்தால் குரங்காடும் என்பார்கள். முப்பத்து நாலு வருடம் வகுப்பில் கோலெடுத்தவன் நான். ஆடியது உண்மை. கோலைக் கீழே வைத்த பிறகும் ஆடிய குரங்கை மட்டும் நான் பார்த்ததில்லை. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது என்று 17-ஆவது பிரிவில் எழுதினார்கள். அப்புறம் வாத்தியார் கைக் கோல் எங்கே போனது? வீட்டுப்பாட நோட்டுக்குள் சுருண்டு படுத்து, புத்தகப் பையோடு நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பேத்தி ஒன்றாம் வகுப்பு. சாயங்காலம் ஆறரைக்கு நோட்டு விரியும். 'ழ' ஒரு பக்கம், 'ஞ' ஒரு பக்கம், ஒன்றிலிருந்து நூறு வரை இரண்டு தடவை. 'ழ'வுக்கு வால் எந்தப் பக்கம் என்று அதற்குப் பிடிபடவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிடும். மகன் கத்துவான். “பிள்ளைய ஏண்டா கத்துற” என்று என் வீட்டம்மா போவாள். “அத்தை, நீங்க குடுக்கிற செல்லம்தான்” என்று மருமகள் சொல்லும். அவ்வளவுதான், சட்னி அரைப்பது யார் என்பதுவரை அது நீளும்.

இதற்கு நடுவில் பென்சில் காணாமல் போக ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய் ஒன்று. “வீட்டைப் பெருக்குறவங்க பார்த்துப் பெருக்கணும்” என்றது மருமகள். பெருக்குவது என் வீட்டம்மா. “நான் என்ன பென்சிலைத் தின்னுட்டேனா?” என்று அவள் கேட்க, இரண்டு நாள் அடுப்படியில் பேச்சே இல்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்பதைக்கூட என் மூலமாகத்தான் விசாரித்துக்கொண்டார்கள். மகன் ஒரு டஜன் பென்சில் பெட்டி வாங்கி வந்தான். அதிலும் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு ஊறப்போட என் வீட்டம்மா டிரம்மிலிருந்து அரிசி அளக்கிறாள். படிக்குள் ஏதோ தட்டுப்படுகிறது. கையை விட்டுத் துழாவினால் ஒன்று, இரண்டு என்று ஏழு பென்சில்! எல்லாம் சீவின பென்சில்.

மகன் எழுந்தான். நானும் பழைய வாத்தியார்தானே, என் கையும் பரபரத்தது. “யாரும் வாயைத் திறக்காதீங்க” என்றாள் என் வீட்டம்மா. பேத்திக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஏன் ஒளித்தாய் என்று கேட்கவில்லை. “பென்சிலப் பாத்தா உனக்கு பயமா இருக்காடி தங்கம்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா அப்பத்தா. பென்சில் வந்தாத்தான் எல்லாரும் சண்ட போடுறீங்க.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நோட்டில் இருந்ததும், ஆயிரம் பிள்ளைகளுக்கு நான் கொடுத்தனுப்பிய அதே வீட்டுப்பாடம்தான்.

மார்ஷல் ரோசன்பர்க் என்று அமெரிக்க உளவியலாளர் ஒருவர். கையில் இரண்டு பொம்மைகளை மாட்டிக்கொண்டு பாடம் நடத்துவார். ஒன்று குள்ளநரி, அது குற்றம் சாட்டும். இன்னொன்று ஒட்டகச்சிவிங்கி, அது குற்றம் சாட்டாமல் பேசும். பார்த்ததைச் சொல், உன் மனதில் பட்டதைச் சொல், உனக்கு என்ன வேண்டும் என்று சொல், பிறகு செய்வாயா என்று கேள் என்பார். செருப்பு வாசலில் கிடக்கிறது என்று வையுங்கள். “எத்தனை தடவடா சொல்றது, எருமை” என்பது நரி. “செருப்பு வாசல் நடுவுல கிடக்கு. இருட்டுல அப்பத்தா தடுக்கி விழுந்துருவாங்களோன்னு பயமா இருக்கு. ஓரமா வச்சிர்றியா கண்ணு?” என்பது சிவிங்கி. கொஞ்சம் நீளம்தான். எருமை என்பது ஒரே வார்த்தை, அதனால்தான் சட்டென்று வருகிறது.

இங்கே தலை நரைத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1991-ல் அறிவொளி இயக்கத்தில், பகலெல்லாம் கல்லுடைத்த பெண்களுக்கு ராத்திரியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம். அவர்களுக்கும் 'ழ'வின் வால் வரவில்லை. ஒருவரையாவது அதட்டினோமா? அதட்டியிருந்தால் மறுநாள் வந்திருப்பார்களா? முப்பது வயது அக்காவுக்குக் கொடுத்த மரியாதையை ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. கோலெடுத்தால் குரங்காடும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

ஆகவே வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். (கவுன்சிலர் சிரிக்கிறார். போன கூட்டத்திலும் இங்கேதான் வந்து நின்றேன்.) ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிருபாகரன் உத்தரவிட்டார். அதே வருடம் நவம்பரில் மத்திய அரசும் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த இரண்டு வகுப்புக்கும் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் இருந்தது. நாளைக்குக் காலையில் உங்கள் பிள்ளையின் பையை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

“வீட்டுப்பாடம் இல்லாட்டி நல்ல பள்ளிக்கூடம் இல்லேன்னு பெற்றோரே சொல்றாங்க சார்” என்று பள்ளிகளில் சொல்கிறார்கள். அது பொய் இல்லை. கோல் வேண்டும் என்று நாம்தான் கேட்டு வாங்குகிறோம்.

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவது விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம், நூலகர் கூப்பிட்டால். நம் ஊர்ப் பள்ளிகளுக்குக் கொடுக்க ஒரு மனு எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். டாக்டர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், கவுன்சிலர் போகும்போது போடுவார். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறது. பென்சிலில் போட வேண்டாம். எங்கள் வீட்டு டிரம்மில் இடம் இல்லை.