இட்லிப்பூவும் வெட்சியும் ஒன்றுதானா? பேத்தி அதில் தேன் உறிஞ்சலாமா?

நெல்லிக்குப்பத்தில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "சின்ன வயதில் இட்லிப்பூவில் தேன் உறிஞ்சுவோம். அதைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். கண்டதை வாயில் வைக்கச் சொல்கிறீர்களே என்று மருமகளுக்குக் கோபம். குழந்தைக்கு அது ஆகுமா? பாடத்தில் வெட்சி என்று படித்தோமே, அது இதுதானா? எங்கள் குடியிருப்பு வேலியில் இலை மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?"

அம்மா, முதல் வரியைப் படித்ததுமே எனக்கு நாக்கில் அந்த இனிப்பு வந்துவிட்டது.

எங்கள் ஆயா வீடு திருப்பாதிரிப்புலியூரில். கிணற்றடியில் இட்லிப்பூச் செடி ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கும். ஆயா அதை விருச்சிப்பூ என்று சொல்லும். மே மாத லீவுக்குப் போனால் காலையில் பல் தேய்த்த கையோடு அங்கே ஓடுவோம். பூவைக் காம்போடு கிள்ளி, முதலில் ஊத வேண்டும், எறும்பு இருக்கும். அப்புறம் அடியில் இருக்கும் பச்சைக் குமிழைப் பிடித்து மெல்ல இழுத்தால், குழலுக்குள் இருக்கும் நூல் கூடவே உருவி வரும். அதில் ஒரு சொட்டுத் தேன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசிமுனை அளவுதான். அவசரப்பட்டு இழுத்தால் நூல் அறுந்துவிடும், அந்தப் பூ போச்சு. நாற்பது ஐம்பது பூ உறிஞ்சினாலும் அரை ஸ்பூன் தேறாது, ஆனாலும் விடமாட்டோம்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் செவ்வரளி இருந்தது. அதனால் ஆயா எங்களை இதழ் எண்ண வைக்கும். "நாலு இருந்தா வாயில வை. அஞ்சு இருந்தா கிட்டயே போகாத." இட்லிப்பூவுக்கு நாலு இதழ், ஒற்றை அரளிக்கு ஐந்து. அரளியில் வேர், இலை, பூ எல்லாமே விஷம், நேராக இதயத்தைப் பிடிக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தக் கணக்கு அந்தத் தோட்டத்தில் நின்ற இரண்டு செடிக்குத்தான். நாலு இதழ் உள்ள பூவெல்லாம் தின்னலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே உங்கள் பேத்தி தாராளமாக உறிஞ்சலாம். இட்லிப்பூவில் விஷம் இல்லை. கறுத்துப் பழுத்த பழத்தையும் தின்னலாம். ஆனால் மருமகள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இந்தச் செடியில் மாவுப்பூச்சி வரும், குடியிருப்புகளில் அதற்கு மருந்து அடிப்பார்கள். தோட்டக்காரரிடம் கேளுங்கள். அடிக்கிறார் என்றால் அந்த வேலிப் பூ வேண்டவே வேண்டாம். ஒரு தொட்டியில் தனியாக வைத்து, அதில் மட்டும் பறிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, நர்சரியில் வாங்கி வேலிக்கு நடும் குட்டை ரகத்தில் பூ சின்னது. பழைய செடியில் வந்த தேனை அதில் எதிர்பார்த்தால் பிள்ளை ஏமாந்துபோகும்.

அடுத்து வெட்சி. ஆமாம், இதைத்தான் வெட்சி என்று கொள்கிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கிச் சொல்லும் இடத்தில் குறிஞ்சியை அடுத்து வருவது வெட்சி. பகைவர் நாட்டு மாடுகளைக் கவரப் போகிறவர்கள் வெட்சி சூடிப் போவார்கள். மீட்க வருகிறவர்கள் கரந்தை சூடி வருவார்கள். இந்தச் சண்டைகளைப் பாடும் வெட்சி, கரந்தை என்ற புறத்திணைகளுக்குப் பெயரே அப்படி வந்ததுதான். தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753இல் இதற்கு இக்சோரா என்று பெயர் வைத்தார். ஈசுவரன் என்ற சொல் போர்த்துகீசியர் வாயில் திரிந்து அப்படி ஆனது. காப்பிச் செடியும் இதே குடும்பம்.

பள்ளியில் ஐயா வெட்சித்திணை நடத்தியபோது எனக்கு எங்கள் ஆயா வீட்டு மாட்டுப் பொங்கல்தான் கண் முன்னால் வந்தது. இட்லிப்பூவுக்கு நூல் வேண்டாம். ஒரு பூவின் குழலை இன்னொரு பூவின் வாய்க்குள் செருகிச் செருகி நாங்களே வளையம் கோத்துவிடுவோம். அதை ஆயா பசுவின் கொம்பில் மாட்டும். மாடு தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் பாதி உதிர்ந்துவிடும், மறுபடி கோப்போம். ஊரார் மாட்டை ஓட்டி வரப் போகிறவன் சூடிய பூ இந்தக் கொம்பில் இருக்கிறதே என்று, அன்றைக்கு வகுப்பில் மீதிப் பாடம் என் காதில் ஏறவே இல்லை.

சரி, மஞ்சள் இலைக்கு வருவோம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. வெட்சிக்குப் புளிப்பான மண் வேண்டும். மதில் ஓரம் சிமெண்ட்டில் இருந்து சுண்ணாம்பு இறங்கும். போர் தண்ணீரும் உப்பாக இருந்தால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மக்கிய இலை உரம் நிறைய போடுங்கள், மழைநீர் கிடைத்தால் ஊற்றுங்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். அந்த வாரம் பேத்தியைப் பூவில் வாய் வைக்க விடாதீர்கள். கிளை நுனியில்தான் கொத்து வரும், அதனால் மாதா மாதம் வேலியை மொட்டை அடித்தால் பூவே பார்க்க முடியாது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அன்றைக்கு ஆயா வீட்டு முருங்கை வேரோடு போனது, மாமரம் கிணற்றின் மேல் சாய்ந்தது. மரத்தை அறுத்து எடுத்தபோது அடியில் இட்லிப்பூச் செடி நசுங்கிக் கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். வெயில் காலத்துக்குள் அடிக்கட்டையில் இருந்து துளிர்த்துவிட்டது. முத்தியால்பேட்டையில் என் வீட்டு வாசலில் இருப்பது அதன் குச்சிதான், பென்சில் கனத்தில் நறுக்கி நட்டது. ஐப்பசி மழை பிடித்ததும் புதுச்சேரி பக்கம் வாங்கம்மா, உங்கள் பேத்திக்கு நாலு குச்சி நறுக்கித் தருகிறேன்.