தடை நடைமுறையில்தான் இருக்கிறது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பல்கலைக்கழகங்களிலிருந்து பெண் தொழில்முனைவோர் போதிய அளவில் உருவாகாததற்குக் காரணம் கொள்கையின் குறையா, நடைமுறையின் குறையா என்பதே நம் முன் உள்ள கேள்வி. பாலினச் சமத்துவத் திட்டம் வகுக்காத பல்கலைக்கழகங்கள் 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஐரோப்பா ஆய்வு நிதியைப் பெற முடியாது என்பதை எடுத்துக்காட்டி, இத்தகைய கொள்கை எங்கும் வந்துவிட்டால் போதும் என்றார் எதிரணித் தலைவர். அந்த விதியை நானும் மனமார வரவேற்கிறேன். ஆனால் அது மட்டும் போதும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கண்டுபிடிப்பைத் தொழிலாக்க உதவும் காப்புரிமையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டு பே-டோல் சட்டம், அரசு நிதியில் நடந்த ஆய்வுகளின் கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை வைத்துக்கொள்ள வழிவகுத்தது. அதில் ஆண், பெண் என்ற பாகுபாடு ஓரிடத்திலும் இல்லை. ஆயினும், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரியல் அறிவியலாளர்களின் முப்பதாண்டுப் பணியை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, பெண் பேராசிரியர்கள் காப்புரிமை பெறும் வீதம் ஆண்களுடையதில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் என்று கண்டது. ஆய்வு வெளியீடுகளில் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த பிறகும் இடைவெளி மறையவில்லை. பேட்டிகளில் வெளிப்பட்ட காரணங்களுள் ஒன்று, தொழில்துறையில் பெண்களுக்கு அறிமுகங்கள் குறைவு என்பது. தம் மாணவனை ஒரு நிறுவன இயக்குநரிடம் தொலைபேசியில் அறிமுகம் செய்துவைக்கும் பேராசிரியர், மாணவிக்கும் அதைச் செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. அந்த அழைப்பு போகவில்லை, அவ்வளவுதான்.

அறிமுகம் கிடைத்து மேடை ஏறினாலும் தடை தீர்வதில்லை. நியூயார்க்கில் முதலீட்டாளர்கள் முன் நடந்த ஒரு புத்தொழில் (ஸ்டார்ட்அப்) போட்டியின் கேள்வி பதில்களை ஆராய்ந்தவர்கள், ஆண்களிடம் கேட்கப்பட்டவற்றில் 67 விழுக்காடு வளர்ச்சியைப் பற்றியும், பெண்களிடம் கேட்கப்பட்டவற்றில் 66 விழுக்காடு இழப்பைத் தவிர்ப்பதைப் பற்றியும் இருந்ததைக் கண்டார்கள். அவனிடம் "எவ்வளவு பெரிதாக வளர்ப்பீர்கள்?" என்பார்கள், அவளிடம் "இருக்கும் வாடிக்கையாளரை எப்படித் தக்கவைப்பீர்கள்?" என்பார்கள். இழப்பைப் பற்றிய கேள்விகளை எதிர்கொண்டவர்கள் திரட்டிய முதலீடும் குறைவாகவே இருந்தது. புத்தொழில்களை வளர்த்தெடுக்கும் பல்கலைக்கழக மையங்களின் தேர்வுக் குழுக்களிலும் முதலீட்டாளர்கள்தாமே அமர்கிறார்கள்?

"அப்படியானால் அதற்கும் ஒரு விதி செய்வோம்" என்பார்கள் எதிரணியினர். செய்யுங்கள், ஆனால் அந்த விதி பலிக்க வேண்டுமானால், தேர்வில் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்ட கேள்விகளை ஒருவர் எழுதிவைத்து, மதிப்பெண் இடுவதற்கு முன் அதே குழுவிடம் படித்துக்காட்ட வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு தாளும் அதைச் செய்யும் மனமும்தான். அதை நாளைக்கே தொடங்க எந்தப் பல்கலைக்கழகமும் புதிய கொள்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.