குலவித்தையும் ஒரு கிளப்பும்: பெர்லினர் ஹாக்கி கிளப்பின் கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹாக்கி என்றதும் நமக்குத் தியான் சந்த் நினைவுக்கு வருகிறார். தியான் சந்த் என்றதும் பெர்லின் நினைவுக்கு வருகிறது. 1936 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8–1 என்ற கணக்கில் வென்ற கதையை நாம் பல தலைமுறைகளாக வென்றவர் பக்கம் நின்றே சொல்லிவருகிறோம். இன்று எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க எனக்கு அனுமதி கொடுங்கள். அன்று தோற்ற ஜெர்மன் அணியில் எர்வின் கெல்லர் என்ற 31 வயது ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மகன், அந்த மகனின் மூன்று பிள்ளைகள் என அந்தக் குடும்பத்தில் பின்னர் நால்வர் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். அந்தக் குடும்பத்தை ஜெர்மன் ஹாக்கி உலகம் பெர்லினர் ஹாக்கி கிளப்பின் குடும்பமாகவே அறிந்திருக்கிறது. நான் பேச வந்தது அந்தக் கிளப்பைப் பற்றி.

முதலில் அந்த ஆட்டத்தைப் பார்ப்போம். போட்டிகள் தொடங்குவதற்கு முன், ஜூலை 17 அன்று நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4–1 என்று தோற்கடித்திருந்தது. நம்முடைய அணியினருக்கு அது தூக்கத்தைக் கெடுத்த தோல்வி. தாரா என்ற முன்கள ஆட்டக்காரரை இந்தியாவிலிருந்து அவசரமாக விமானத்தில் வரவழைக்கும் அளவுக்கு அதன் அதிர்ச்சி இருந்தது. இறுதியாட்டம் ஆகஸ்ட் 14 அன்று நடந்திருக்க வேண்டும். மழை பெய்ததால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆகவேதான் அந்த வெற்றி ஆகஸ்ட் 15-இல் அமைந்தது. அன்றைக்கு அது வெறும் ஒரு சனிக்கிழமை. இடைவேளையின்போது இந்தியா ஒரே ஒரு கோல் மட்டுமே முன்னிலையில் இருந்தது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஈர மைதானத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் ஜெர்மானியர்கள் ஈடுகொடுத்தார்கள். இரண்டாம் பாதியில்தான் அணை உடைந்தது. அந்தத் தொடர் முழுவதிலும் இந்தியா வாங்கிய ஒரே கோலைக் குர்ட் வைஸ் என்ற ஜெர்மானியர் அடித்தார். வெள்ளிப் பதக்கம் எர்வின் கெல்லரின் வீட்டுக்குச் சென்றது.

அந்தப் பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1933 முதல் ஜெர்மனியின் விளையாட்டுச் சங்கங்கள் தம் யூத உறுப்பினர்களை வெளியேற்றத் தொடங்கியிருந்தன. அதுவரை ஒரே மைதானத்தில் ஆடி, ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தியவர்கள், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். உறுப்பினர்களாலேயே ஆளப்படும் அமைப்பு என்பது அழகான ஏற்பாடுதான். ஆனால் அந்த உறுப்பினர்களின் மனச்சாட்சி எவ்வளவோ அவ்வளவுதான் அதன் அழகும்.

இப்போது பின்னால் போவோம். பெர்லினர் ஹாக்கி கிளப் தொடங்கப்பட்ட ஆண்டு 1905. எர்வின் கெல்லர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். ஹாக்கியை ஜெர்மனிக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள், அவர்களிடம் பழகிய வணிகக் குடும்பத்தினர், மாணவர்கள். ஹாம்பர்க், பெர்லின் போன்ற நகரங்களில் அது வேரூன்றியது. ஹாம்பர்க் நகரின் ஊலன்ஹார்ஸ்ட் கிளப் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் அணியாகவே போய் ஆடியது. ஒரு நாட்டின் அணி என்பது அன்று ஒரு கிளப்பின் பதினோரு பேர்தான். தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பு அதற்கு அடுத்த ஆண்டு, 1909-இல்தான் உருவானது. கிளப்புகள் முதலில் வந்தன, கூட்டமைப்பு பின்னால் வந்தது; இந்த வரிசை ஜெர்மன் விளையாட்டின் இயல்பையே தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

அங்கே கிளப் என்பதற்கு ஒரு சட்ட வடிவம் உண்டு. 1900 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டத்தின்படி, ஏழு பேர் சேர்ந்து விதிமுறைகளை எழுதிக் கையொப்பமிட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு உரிமையாளர் என்று ஒருவர் கிடையாது, பங்குதாரர்கள் கிடையாது. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள், பொதுக்குழுவில் கைதூக்கி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த நிர்வாகிகளும் பெரும்பாலும் ஊதியமின்றியே வேலை பார்க்கிறார்கள். நம் ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் நூலகச் சங்கத்துக்கும் நடுவில் உள்ள ஓர் அமைப்பை மனத்தில் கொண்டால் ஏறத்தாழ சரியாக இருக்கும், வரவு செலவுக் கணக்கை மட்டும் அவர்கள் இன்னும் கொஞ்சம் கறாராக எழுதுவார்கள்.

இத்தகைய சங்கம் ஒரே விளையாட்டோடு நிற்பதில்லை. பெர்லினர் ஹாக்கி கிளப்பின் பெயரில் ஹாக்கி மட்டுமே இருந்தாலும், அதன் மைதானத்தில் டென்னிஸும் ஆடப்படுகிறது. பின்னாளில் வலைமட்டையால் பந்தை வீசி ஆடும் லக்ரோஸும் சேர்ந்துகொண்டது. ஜெர்மனியின் பெயர்பெற்ற ஹாக்கி கிளப்புகள் பலவற்றின் பெயரிலேயே டென்னிஸ் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். இதற்குக் காரணம் எளியது. டென்னிஸ் கோடைக்கால ஆட்டம். ஹாக்கி லீக் இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் நடக்கிறது. ஒரே நிலம், ஒரே உடைமாற்றும் அறை, ஒரே உணவறை ஆண்டு முழுவதும் பயன்படுகின்றன. அம்மா டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது பிள்ளை பக்கத்து மைதானத்தில் மட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும். பார்வையாளர் கட்டணத்தாலோ தொலைக்காட்சி உரிமத்தாலோ பெரும்பணம் ஈட்டாத ஹாக்கி போன்ற ஓர் ஆட்டம் நூறாண்டுக்கு மேல் நிலைத்ததற்கு, இப்படிக் குடும்பம் குடும்பமாகச் சந்தா கட்டிய டென்னிஸ்காரர்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

பனிக்காலத்தில் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மைதானம் உறைந்துவிடும் மாதங்களில் கூரைக்குள் ஆடும் ஹாக்கியை வளர்த்தெடுத்தவர்கள் ஜெர்மானியர்களே. அணிக்கு ஆறு பேர், பக்கவாட்டில் கோட்டுக்குப் பதிலாக மரக்கட்டைகள், பந்தை ஓங்கி அடிக்கத் தடை. தள்ளித்தான் ஆட வேண்டும். இடம் குறுகியதால் பந்தை நிறுத்துவதிலும் விரைந்து கொடுப்பதிலும் கை பழகுகிறது. 2003-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த முதல் உள்ளரங்க உலகக் கோப்பையில் ஆடவர், மகளிர் இரண்டு பட்டங்களும் ஜெர்மனிக்கே போனதில் வியப்பில்லை. நமது நாட்டில் ஆறு மாதம் மழை என்றும் வெயில் என்றும் சாக்குச் சொல்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி நினைவுபடுத்துவதுண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெர்லின், வென்ற நாடுகளின் நான்கு பகுதிகளாகப் பிரிந்தது. கிளப்பின் இருப்பிடமான செலண்டோர்ஃப் அமெரிக்கப் பகுதிக்குள் வந்தது. 1948–49 சோவியத் முற்றுகையும், 1961 ஆகஸ்ட் 13 அன்று எழத் தொடங்கிய சுவரும் மேற்கு பெர்லினை நிலத்தால் சூழப்பட்ட தீவாக்கின. ஹாம்பர்க்கிலோ கொலோனிலோ ஒரு லீக் ஆட்டம் ஆட வேண்டுமானால் கிழக்கு ஜெர்மன் நிலத்தின் வழியே, சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய்வர வேண்டும். எர்வினின் மகன் கார்ஸ்டன் கெல்லர் வளர்ந்தது இந்தப் பெர்லினில்தான். அவர் 1960, 1968, 1972 என்று மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடினார். நடுவில் 1964 எங்கே போனது? அன்று கிழக்கும் மேற்கும் ஒலிம்பிக்குக்கு ஒரே அணியாகத்தான் போக வேண்டும், ஹாக்கியில் யார் போவது என்பதைத் தமக்குள் ஆடித் தீர்த்துக்கொண்டார்கள், கிழக்கு வென்றது. டோக்கியோவுக்குப் போன 'ஜெர்மன்' அணி முழுக்க முழுக்கக் கிழக்கு ஜெர்மானியர்களால் ஆனது. ஒரு நாட்டைப் பிரித்த அரசியல் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் எப்படி நான்காண்டு இடைவெளியாக வந்து விழுகிறது, பாருங்கள்.

1972 மியூனிக்கில் கார்ஸ்டன் அணித் தலைவர். இஸ்ரேலிய வீரர்கள், பயிற்றுநர்கள் 11 பேர் கொல்லப்பட்ட அந்தக் கறுப்பு நாள்களுக்குப் பின், செப்டம்பர் 10 அன்று இறுதியாட்டம் நடந்தது. எதிரில் நடப்பு வெற்றியாளரான பாகிஸ்தான். 60-ஆம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டி கார்னரை மிக்கேல் கிராவுசே கோலாக்கினார், 1–0. 1928 முதல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் விட்டு அகலாத தங்கம் அன்று முதன்முறையாக அகன்றது. பாகிஸ்தான் அணியினர் நடுவர் தீர்ப்பை ஏற்காமல், பரிசளிப்பு மேடையில் ஜெர்மன் கொடிக்கு முதுகைக் காட்டினார்கள். உலக ஹாக்கிக் கூட்டமைப்பின் தலைவர்மீது தண்ணீர் ஊற்றப்பட்டது. அந்த ஆட்டக்காரர்களுக்கு ஆயுள்காலத் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது. அந்த அணியில் சென்னையில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் இருந்தார்.

தந்தை எர்வின் அந்தத் தங்கத்தைப் பார்க்கவில்லை. அவர் முந்தைய ஆண்டே, 1971-இல் காலமாகிவிட்டார்.

அடுத்த தலைமுறையில் மூத்தவர் அந்திரேயாஸ். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பாகிஸ்தானிடம் தோற்று வெள்ளி, 1988 சியோலில் பிரிட்டனிடம் தோற்று மீண்டும் வெள்ளி. தாத்தாவின் பதக்கமே இரண்டு முறை திரும்பி வந்ததுபோல. 1992 பார்சிலோனாவில் ஆஸ்திரேலியாவை 2–1 என்று வென்றபோதுதான் தங்கம் கிட்டியது.

அவருடைய தங்கை நடாஷா கெல்லர் என் பார்வையில் இந்தக் குடும்பத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர். 1999-இல் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1996 முதல் 2012 வரை ஐந்து ஒலிம்பிக்குகள், 425 பன்னாட்டு ஆட்டங்கள், 200-க்கும் மேற்பட்ட கோல்கள். 2004 ஏதென்ஸில் ஜெர்மன் மகளிர் அணி, யாரும் எதிர்பாராத வகையில், நெதர்லாந்தை 2–1 என்று வென்றபோது அவர் அணியில் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் அவருடைய கிளப் பெர்லினர் ஹாக்கி கிளப்தான். நெதர்லாந்தின் பணக்கார லீக் எல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருந்த காலம் அது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தம்பி ஃபுளோரியான் 2008 பெய்ஜிங்கில் ஸ்பெயினை 1–0 என்று வென்ற அணியில் தங்கம் பெற்றார். அதே பெய்ஜிங்கில் அக்காவின் அணி வெண்கல ஆட்டத்தில் தோற்று நான்காம் இடத்தோடு நின்றது.

இந்த வரிசையைக் கேட்டதும் நம்மில் பலருக்கும் 'குலவித்தை கல்லாமல் பாகம்படும்', அதாவது குடும்பத் தொழில் படிக்காமலே பாதி கைவந்துவிடும் என்ற பழமொழி நாவில் வந்திருக்கும். நான் அதை இங்கே மறுக்க விரும்புகிறேன். கல்லாமல் எதுவும் பாகம்படவில்லை. கார்ஸ்டன் ஆட்டத்தை முடித்த பிறகு மைதானத்தை விட்டுப் போய்விடவில்லை. அங்கேயே பயிற்றுநராக நின்றார். அவருடைய பிள்ளைகள் நடக்கப் பழகிய காலத்திலேயே ஓரக்கோட்டில் அமர்ந்து பெரியவர்களின் ஆட்டத்தைப் பார்த்தார்கள். எல்லா கிளப் பிள்ளைகளையும் போலவே அவர்களும் வயது வயதாகப் பிரிக்கப்பட்ட அணிகளில் ஆடி, தமக்கு மூத்தவர்களிடம் கற்று, பிறகு தமக்கு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டுக்குள் வளர்ந்தார்கள். குலம் கொடுத்தது ஒரு மட்டையும், ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வரும் பழக்கமும்தான். மற்றதையெல்லாம் கொடுத்தது சந்தா கட்டிய நூற்றுக்கணக்கான முகமறியா உறுப்பினர்களின் சங்கம்.

இது பெர்லினுக்கு மட்டும் உரிய அதிசயமும் அன்று. ரூர் ஆற்றங்கரையின் முல்ஹைம் நகரத்தில் ஊலன்ஹார்ஸ்ட் என்ற அதே பெயர் கொண்ட இன்னொரு கிளப் 1988 முதல் 1996 வரை தொடர்ந்து ஒன்பது முறை ஐரோப்பியக் கிளப் கோப்பையை வென்றது. ஆனால் அங்கே கதை ஓர் அணியின் கதை. பெர்லினில் அது தலைமுறைகளின் கதையாக இருப்பதால் எனக்கு அது நெருக்கமாகிறது.

2012 ஜூலை 27 இரவு லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஜெர்மனியின் கொடியை ஏந்தி முன்னே நடந்தவர் நடாஷா கெல்லர். மகளிர் ஹாக்கி அணி அந்த முறை ஏழாம் இடத்தில் முடிந்தது. ஆடவர் அணியோ நெதர்லாந்தை 2–1 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த அணியின் தடுப்பாட்டத்தில் நின்றவர்களுள் ஒருவர் மார்ட்டின் ஹேனர். மருத்துவம் படித்தவர், பெர்லினர் ஹாக்கி கிளப்பின் ஆட்டக்காரர், கெல்லர் குடும்பத்தைச் சேராதவர்.