கட்டிலில் இருப்பவர் சொல்லட்டும்

நேயர்களுக்கு வணக்கம். செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். இன்று பண்பாட்டுப் பாதுகாப்பு பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வேறு பண்பாட்டிலிருந்து வரும் நோயாளி, தன்னைத் தாழ்வாக நடத்துகிறார்கள் என்ற எண்ணமோ பயமோ இல்லாமல் கவனிப்பைப் பெறுவதே அது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980களின் கடைசியில் முன்வைத்த கருத்து இது. 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. மாவோரிகளின் சடங்குகளை மனப்பாடம் செய்யும்படி அவர் கேட்கவில்லை. தன் படிப்பும் சீருடையும் நோயாளியை எப்படி வாயடைக்க வைக்கின்றன என்று செவிலியர் யோசிக்கட்டும் என்றார். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதையும் நோயாளிதான் சொல்ல வேண்டும்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் நீலகிரிக்கு இது தூரத்து விஷயமா? அரிவாள் செல் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்த ரத்த நோய் முதலில் பதிவானதே 1952-இல், நம் மலைப் பழங்குடிகளிடம்தான். சிவப்பணுக்கள் வளைந்து விறைத்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும். எலும்புக்குள் தாங்க முடியாத வலி. வெளியே காயம் எதுவும் தெரியாது. பணியர் பையன் ஒருவன் சுருண்டு கிடந்தால், "நடிக்கிறான், ஊசிக்காக வர்றான்" என்று வார்டில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கும்போதே! அந்தப் பேச்சால் வலி மருந்து தாமதமாகும். அடுத்த முறை அவன் வரத் தயங்குவான். நோய் நுரையீரலைத் தாக்கினால் அந்தத் தயக்கத்தில் உயிரே போய்விடும். வலியை நம்பி உடனே மருந்து கொடுங்கள். உடம்பில் நீர் வற்றினாலும் குளிர் பட்டாலும் வலி கூடும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு அனுப்பும்போது கம்பளியும் போர்த்தி அனுப்புங்கள்.

அப்புறம், பேசும் விதம். ஆசிரியர் வீட்டு அம்மாவுக்கு "வாங்கம்மா". பக்கத்துக் கட்டில் இருளர் பாட்டிக்கு "ஏய், இங்க வா". பாட்டி எதிர்த்துப் பேச மாட்டார். தலையாட்டிவிட்டு இரவோடு இரவாக எழுந்து போய்விடுவார். "சொல்லாமல் போய்விட்டார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதி மூடிவிடுகிறோம். ஏன் போனார் என்று எழுத அதில் இடமே இல்லை. எனக்கு இது ஆறாத கோபம்.

கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி என்ற மருத்துவ அமைப்பு, பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்தது. மற்ற மருத்துவமனைகள் அந்த அளவுக்கு வரும்வரை ஒன்றையாவது செய்யலாம். வீட்டுக்கு அனுப்பும்போது, "இங்கே உங்களை மரியாதையாக நடத்தினார்களா?" என்று நோயாளியிடம் கேட்டு எழுதிவைக்கலாம். கேட்பவர் அவர் மொழி தெரிந்தவராக, அந்த வார்டில் வேலை பார்க்காதவராக இருக்கட்டும். வார்டு ஆளிடம் எந்த நோயாளியும் குறை சொல்ல மாட்டார்.

நன்றி, வணக்கம்.