சுடுமணலில் பங்குனி ஆமை

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை மாத நண்பகலில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறீர்களா? பத்தடி போவதற்குள் கால் பொறுக்காமல் அலையைத் தேடி ஓடுவோம். அதே மணலில் ஒன்றரை அடி ஆழத்தில், ஓட வழியில்லாமல் நூறு முட்டைகள் கிடக்கின்றன. கரையேறி வந்து மணலில் முட்டையிடும் கடலாமையான பங்குனி ஆமையின் முட்டைகள்.

அவற்றைக் காக்க நாங்கள் தை மாதத்திலிருந்து இரவெல்லாம் கரையோரம் நடப்போம். நாய் தோண்டுவதற்குள் முட்டைகளை எடுத்து, வேலியிட்ட மணல்பரப்பான பொரிப்பகத்தில் புதைப்போம். வேலி போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். தாழங்குடாவைச் சேர்ந்த முதிய மீனவர் ஒருவர்தான் அந்த நினைப்பை மாற்றினார். ஒரு நாள் உச்சிவெயிலில் வந்தவர், "தம்பி, இங்கே கையை விட்டுப் பாருங்கள்" என்று என் மணிக்கட்டைப் பிடித்து வேலியோர மணலுக்குள் முழங்கை வரை இறக்கினார். பிறகு வலை பழுதுபார்க்கும் பந்தலடிக்கு அழைத்துப் போய், "இப்போது இங்கே" என்றார். அங்கே மணல் குளிர்ந்திருந்தது. அடுத்த வாரம் பொரிப்பகத்துக்கு நிழல் போட அவரே தென்னங்கீற்றும் சவுக்குக் கழியும் கொண்டுவந்து இறக்கினார்.

அந்த வேறுபாடு ஏன் பெரிது? ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகளே மிகும். இன்னும் ஏறினால் முட்டைக்குள்ளேயே கரு செத்துவிடும். பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். ஆகவே பங்குனியில் இட்ட முட்டை சித்திரை வெயிலில்தான் வளர்கிறது. புவி சூடாகச் சூடாக ஆண் ஆமைகள் குறையும். குஞ்சு வளர்ந்து இனம்பெருக்கும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்தக் குறை இன்று நம் கண்ணில் படாது.

ஆனால் எல்லாக் குழிக்கும் நிழல் போட்டுவிடாதீர்கள். பாதிக்குத்தான். பெண் ஆமையும் வேண்டும் அல்லவா? ஒரு வெப்பமானியை மணலில் புதைத்துத் தினமும் பார்த்து, அதன்படி கீற்றைப் போடுங்கள், எடுங்கள்.

இதற்கெல்லாம் முதலில் மணல் இருக்க வேண்டும். புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் வடக்கே போகும் மணல் தடைப்பட்டு, நகரக் கரையில் பாறாங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. ஆமையால் கல்லில் ஏற முடியாது. கடல்மட்டமும் உயர்கிறது. கல்லுக்கும் அலைக்கும் நடுவே அது எங்கே குழி பறிக்கும்?

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைப் பற்றியும் எழுதி வந்தேன். நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரவில் கரையேறும் ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்காதீர்கள். விலகி நின்று வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வணக்கம்.