கூட்டம் போட்டு விளக்கினார்கள், ஆறில் ஒருவர் வேலையை விட்டுப் போனார்! ஒரு பைஜாமா தொழிற்சாலையின் கதை

(திரையில்: அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பைஜாமா செட்டுகள்.)

வணக்கம் நண்பர்களே! இந்த இரண்டு பைஜாமாவையும் நன்றாகப் பாருங்கள். ஒன்று விற்ற விலை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. எது அது? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு ஊகம் சொல்லிப் பாருங்கள். விடை நடுவில் வருகிறது.

புது சாஃப்ட்வேர், புது மேலாளர், புது ரிப்போர்ட் படிவம். டீமை இரண்டாகப் பிரிப்பார்கள், ஆறு மாதத்தில் மறுபடி ஒன்றாக்குவார்கள். ஒன்று கைக்குப் பழகும் முன்பே அடுத்தது வந்து நிற்கும். இப்படி ஓயாமல் மாறும் இடத்தில் வேலை செய்பவர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பது? நிறுவனம் அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு நான் படித்த பதில்களில் என்னை மிகவும் அசத்தியது ஒரு பைஜாமா தொழிற்சாலையிலிருந்து வந்தது.

அதற்கு முன்னால் ஒரு எண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும். "நிறுவனங்கள் எடுக்கும் மாற்ற முயற்சிகளில் 70% தோற்றுப்போகின்றன." எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் இரண்டாவது ஸ்லைடில் இது இருக்கும். எங்கிருந்து வந்தது தெரியுமா? இதன் வேரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது 1993-ல். நிறுவனங்களின் வேலைமுறையை அடியோடு மாற்றியமைப்பது பற்றி எழுதிய மைக்கேல் ஹேமரும் ஜேம்ஸ் சாம்பியும் அந்த ஆண்டு 50 முதல் 70 சதவீதம் என்று ஒரு மதிப்பீடு சொன்னார்கள். அது அறிவியல் முறைப்படி எடுத்த கணக்கல்ல என்பதையும் அவர்களே சொல்லியிருந்தார்கள். அந்தப் பாதி எல்லோருக்கும் மறந்துபோனது. 2011-ல் மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் இந்த எண்ணைச் சொன்ன ஐந்து வெளியீடுகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்து பார்த்தார். நம்பும்படியான ஆதாரம் ஒன்றுகூட இல்லை! அதனால் இனி யாராவது 70% என்று பயமுறுத்தினால் "எந்த ஆய்வு?" என்று கேளுங்கள்.

சரி, மாற்றத்தை எப்படிக் கையாள்வது என்று ஆய்வாளர்கள் சொன்னதை வேகமாகப் பார்த்துவிடலாம். கர்ட் லெவின், 1947: பழையதைத் தளர்த்து, நகர்த்து, மறுபடி இறுக்கு. ஜான் காட்டர், 1995: நிறுவனங்கள் செய்யும் எட்டுத் தவறுகள். அதன் பிறகு வந்த மாதிரிகளை எண்ணி முடியாது. இவற்றில் ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் இந்த வீடியோ புரியும்.

ஆனால் ஒன்றை மட்டும் அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஒரு வளைகோடு வரைந்து, "மாற்றம் வந்தால் ஊழியர்கள் இந்தப் படிகளில்தான் இறங்கி ஏறுவார்கள்" என்று சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் இந்தப் படிகளை எழுதியது யாரைப் பற்றி? சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பற்றி. அதை அப்படியே தூக்கிவந்து அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள். இதில் நிஜமான ஆபத்து உண்டு. "இந்தப் புது ஸ்க்ரீனில் ரிட்டர்ன் வந்த சரக்கைப் பதிவு செய்ய வழியே இல்லையே" என்று ஒருவர் சொல்கிறார். உண்மையான ஓட்டையைக் காட்டுகிறார். மேலாளரோ, "அவர் இன்னும் மறுப்புப் படியில் இருக்கிறார், போகப்போகச் சரியாகிவிடும்" என்று குறித்துக்கொள்கிறார். ஓட்டை அப்படியே இருக்கும், சொன்னவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்.

(திரையில்: தையல் கூடத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.)

இப்போது பைஜாமாவுக்கு வருவோம். அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிறிய ஊர். அங்கே ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பீஸ் ரேட், அதாவது எத்தனை முடிக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி. மணிக்கு 60 யூனிட் என்பது அங்கே நிர்ணயித்த அளவு. ஒரு யூனிட் என்றால் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை.

தொழிற்சாலைக்கு ஒரு தீராத தலைவலி. டிசைன் மாறும், வேலை செய்யும் முறையும் மாறும். ஒவ்வொரு முறையும் கை தேர்ந்தவர்களின் வேகம் சரிந்துவிடும், பலர் வேலையை விட்டே போய்விடுவார்கள். முறை மாறும்போது கூலி குறையாமல் இருக்கத் தனி போனஸும் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் எடுபடவில்லை. இதில் வியப்பு என்னவென்றால், புதிதாகச் சேர்ந்த ஒருவர் வேலை கற்கும் காலத்தைவிட, அனுபவசாலி ஒருவர் மாறிய வேலையில் பழைய வேகத்தைப் பிடிக்க அதிகக் காலம் ஆனது. கையில் திறமை குறைந்துவிடவில்லை. மனம்தான் விட்டுப்போயிருந்தது.

லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்து 1948-ல் வெளியிட்டார்கள். ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிடமும் மாற்றத்தை ஒவ்வொரு விதமாகக் கொண்டுபோனார்கள்.

முதல் குழுவில் துணிக்கு அயர்ன் போடும் 18 பேர். முடித்த பைஜாமாக்களை அரை டஜன் அரை டஜனாக ஒரு அட்டையின் மேல் அடுக்குவது அவர்கள் வழக்கம். இனி அட்டைக்குப் பதிலாகப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான்! டஜனுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகவும் கொடுத்தார்கள். கூட்டம் போட்டு, போட்டி அதிகமாகிவிட்டது, அதனால் இந்த மாற்றம் என்று சொன்னார்கள். புதிய ரேட் எப்படி வந்தது என்று நேரக் கணக்கு எடுப்பவர் விளக்கினார். கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். இன்று நல்ல நிறுவனம் என்று பேர் வாங்கிய இடங்களில் இதற்கு மேல் என்ன நடக்கிறது? அறிவிப்பு, காரணம், கேள்வி-பதில். எல்லாம் ஆயிற்று.

வேகம் 50 யூனிட் பக்கம் விழுந்தது, பிறகு எழவே இல்லை. மேற்பார்வையாளரோடு சண்டை. வேண்டுமென்றே மெதுவாக வேலை. முதல் 40 நாளில் 17% பேர், அதாவது ஆறில் ஒருவர், வேலையை விட்டுப் போனார்கள். ரேட் நியாயமில்லை என்று புகார் போனது. சரிபார்த்தால் அந்த ரேட் தொழிலாளர்களுக்குக் கொஞ்சம் சாதகமாகவே இருந்தது! அப்படியென்றால் பிரச்சினை கணக்கில் இல்லை. நம்மைக் கேட்காமல் நம் வேலையில் கை வைத்துவிட்டார்கள் என்ற உணர்வு கணக்கின் வழியாக வெளியே வந்திருக்கிறது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்த குழு, பைஜாமா மடிக்கும் 13 பேர். இவர்கள் கூட்டத்தில்தான் நான் தொடக்கத்தில் காட்டிய காட்சி. மேஜையில் இரண்டு பைஜாமாக்கள். "இதில் ஒன்று மலிவானது, எது?" என்று கேட்டார்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் அதே தொழிற்சாலையில் தயாரானவை. ஒன்று 1946-ல் செய்தது, மற்றது 1947-ல் செய்தது. பழையது விற்ற விலையில் பாதிக்குத்தான் புதியது விற்றிருந்தது. உங்களுக்குத் தெரிந்ததா? தெரிந்திருக்காது, ஏனென்றால் வேறுபாடே கிடையாது. செலவை ஏன் குறைக்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எந்த ஸ்லைடும் சொல்லிவிட முடியாது. அப்புறம் அவர்களில் சிலரை வைத்துப் புதிய முறையை வடிவமைத்தார்கள், அந்தச் சிலர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 14 நாளில் வேகம் 61 யூனிட்டுக்கு வந்துவிட்டது. ஒருவர்கூட வேலையை விடவில்லை.

கடைசி இரண்டு குழுக்கள் சிறியவை, செக்கிங்கில் இருந்த எட்டுப் பேரும் ஏழு பேரும். இங்கே பிரதிநிதி என்று யாரும் இல்லை. எல்லோருமே உட்கார்ந்து பேசினார்கள். எந்தப் பிசிறு நூலை எடுப்பது, எதை விடுவது, நேரம் எப்படிக் கணக்கிடுவது, எல்லாவற்றிலும் அவர்கள் வார்த்தை இருந்தது. யோசனைகள் வந்து விழுந்த வேகத்தில் குறிப்பெடுத்தவர் எழுத முடியாமல் திணறினாராம். இந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அத்தனை யோசனைகளும் அந்தக் கூடத்தில் முன்பே இருந்தவைதானே? கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். முதல் நாள் மட்டும் வேகம் சரிந்தது. சீக்கிரமே பழைய நிலைக்கு வந்து, கடைசியில் முன்பிருந்ததைவிட 14% மேலே போய்விட்டது. இங்கும் யாரும் வேலையை விடவில்லை.

இனிமேல் சொல்வதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனையின் உச்சம். தோற்றுப்போன அந்த முதல் குழுவில் மிஞ்சியது 13 பேர். இரண்டரை மாதம் கழித்து அவர்களை மறுபடி வேறு ஒரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை எல்லோரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆட்கள்தான், மளமளவென்று வேகம் பிடித்தார்கள்! "எங்கள் ஆட்களுக்கு மாற்றம் என்றாலே பிடிக்காது" என்று அலுத்துக்கொள்ளும் மேலாளர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இந்த வீடியோவை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

ஆனால் பெயருக்குக் கேட்டால் பலிக்காது. நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே வகைச் சோதனையைச் செய்து 1960-ல் வெளியிட்டார்கள். உற்பத்தி அங்கே அப்படி ஏறவில்லை. தொழிலாளர்களிடம் முடிவெடுக்க விட்ட விஷயங்கள் அவ்வளவு முக்கியமானவை அல்ல. முக்கியமானதையெல்லாம் மேலே முடிவு செய்துவிட்டு, ஐகான் என்ன நிறத்தில் வேண்டும் என்று கருத்துக்கணிப்பு நடத்துவதில் யாரும் ஏமாற மாட்டார்கள். எது முடிந்துபோன முடிவு, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. "இந்த சாஃப்ட்வேர் வருவது உறுதி, அதில் மாற்றம் இல்லை. எந்தப் பிரிவு முதலில் மாறுவது, பழையதை எப்போது நிறுத்துவது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது, இதெல்லாம் உங்கள் முடிவு." இப்படிச் சொன்னால் போதும், ஆட்கள் வேலையில் இறங்கிவிடுவார்கள்.

(திரையில்: ஒரு மாதத்தின் காலண்டர், ஒவ்வொன்றாக நிரம்புகிறது.)

ஓயாத மாற்றத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஐடி பிரிவு ஒரு மாற்றம் அனுப்பும். கணக்குப் பிரிவு ஒன்று, ஹெச்ஆர் ஒன்று. ஒவ்வொருவருக்கும் தங்களுடையது மட்டுமே தெரியும், "சின்ன மாற்றம்தானே" என்பார்கள். எல்லாம் சேர்ந்து இறங்குவது கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர் தலையில். காலையில் லாகின் முறை மாறியிருக்கிறது, மதியம் புதுப் படிவம், மறுநாள் விடுப்பு கேட்கும் முறை. அதனால் எந்தப் பிரிவு அனுப்பினாலும் சரி, எல்லா மாற்றங்களையும் ஒரே காலண்டரில் எழுதுங்கள், அதுவும் வாங்கிக்கொள்பவர் பெயரில். ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் மூன்று விழுந்தால் இரண்டைத் தள்ளிப்போடுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது எதை நிறுத்தப்போகிறோம் என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். புது சிஸ்டம் வந்த பிறகும் பழைய எக்செல் ஷீட்டையும் நிரப்பச் சொல்வது அநியாயம்.

முதல் சில வாரங்கள் வேகம் சரியத்தான் செய்யும். ஹார்வுட்டில் சிறப்பாகச் செய்த குழுக்களுக்கே முதல் நாள் சரிந்தது. அந்த நேரத்தில் பழைய டார்கெட்டை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். பத்து வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையில் ஒருவர் திடீரென்று தடுமாறுகிறார், பக்கத்து மேஜைக்காரரிடம் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. அதுவே அவருக்கு வலி. அதோடு அப்ரைசலிலும் குறைத்துப் போட்டால், அடுத்த மாற்றத்துக்கு அவர் எந்த மனநிலையில் வருவார்?

டீம் லீடர்களுக்கு, அவர்கள் ஆட்களுக்குச் சொல்வதற்கு ஒரு வாரம் முன்பாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

மாற்றத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "இது சரிவராது" என்பதோடு நிறுத்தாமல், எந்த வேலையில், எந்தப் படியில், என்ன முட்டுகிறது என்று எழுதிக் கொடுங்கள். "ரிட்டர்ன் சரக்குக்குப் பதிவு இல்லை, ஒரு நாளில் இத்தனை வருகிறது" என்று எழுதினால் அதை மறுப்புப் படி என்று ஒதுக்குவது கஷ்டம்.

கடைசியாக உங்கள் வேலையில் என்ன மாறியது, அதை முடிவு செய்யும் முன்பு உங்களிடம் எந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்? கமெண்டில் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வேலையை மட்டும் விவரமாகச் சொல்லுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன், அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து அடுத்த வீடியோவில் பேசலாம்.