ரெண்டு பேண்டும் வந்துவிட்டது!

வணக்கம் மக்களே! காரைக்குடி வீட்டு வளவிலிருந்துதான் பேசுகிறேன், முற்றத்துப் புறாச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவில் முழுக்கக் கறுத்துப்போன ஒரு வெஸ்டர்ன் ப்ளாட்டை (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து மெம்பிரேன் என்ற தாளில் ஏற்றி, வேண்டியதை மட்டும் பேண்டாக, அதாவது கோடாக, காட்டும் சோதனை) காட்டிப் புலம்பினேனே, அதே பாஸ்போ ஸ்டாட் 1 ஆன்டிபாடி, அதாவது பாஸ்பேட் ஏறிய ஸ்டாட் 1 புரதத்தில் போய் ஒட்டுகிற புரதம், இன்றைக்கு வேலை செய்துவிட்டது!

அந்தப் பெட்டிக் கதையைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. திங்கட்கிழமை சென்னையில் கிளம்பிய பார்சல், வியாழன் மதியம்தான் கைக்கு வந்தது. திறந்தால் ஐஸ் ஜெல் பை வெதுவெதுவென்று கிடக்கிறது. 38,000 ரூபாய்! அதற்கு 100 மைக்ரோலிட்டர், கிட்டத்தட்ட ரெண்டு சொட்டு. அந்த ரெண்டு சொட்டிலும் பாதி மூடியில் ஒட்டியிருந்தது. சென்ட்ரிஃபியூஜில் சில விநாடி சுற்றி, எல்லாம் அடியில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. சுற்றாமல் மூடியைத் திறந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 10 மில்லி கரைசலுக்கு 10 மைக்ரோலிட்டர் போட்டால் மொத்தமே பத்து ப்ளாட்தான் வரும். ஒரு தடவைக்கு 3,800 ரூபாய்!

அதனால்தான் முதல் ப்ளாட் கறுத்ததும், வெயிலில் கெட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். ஆன்டிபாடி கெடவே இல்லை. பிரச்சினை, ப்ளாக்கிங்குக்கு, அதாவது ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை மூடி வைக்க, நான் கரைத்த பால் பவுடர்!

ஸ்டாட் 1 செல்லுக்குள் எப்போதும் இருக்கிற புரதம். இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் வந்து செல்லைத் தொட்டதும், ஜாக் என்சைம்கள் அதன் 701-ஆவது இடத்து டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றும். அப்புறம் அது ஜோடி சேர்ந்து நியூக்ளியஸுக்குள் போகும். பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிப்பதுதான் இந்த ஆன்டிபாடி. பாலில் இருக்கும் கேசினோ தானே பாஸ்பேட் சுமக்கிற புரதம். மெம்பிரேன் முழுக்க அதைப் பூசிவிட்டு, பின்னணி ஏன் கறுக்கிறது என்று ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இந்த முறை டிபிஎஸ்டி என்ற உப்புக் கரைசலில் 5 சதவீத பிஎஸ்ஏ, அதாவது மாட்டு ரத்தத்து அல்புமின் புரதம். விலை அதிகம்தான், ஆனாலும் பாஸ்போ வேலைக்கு இனி பால் பவுடரைத் தொடவே மாட்டேன்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். செல்லை உடைக்கிற கரைசலில் சோடியம் ஆர்த்தோவனடேட் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்பட்டேஸ் என்சைம்கள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும், பிறகு எந்த ஆன்டிபாடி வாங்கியும் பிரயோசனம் இல்லை.

சரி, இதோ பாருங்கள். இடது பக்கம் இன்டர்ஃபெரான் கொடுக்காத ஹீலா செல் (ஆய்வகத்தில் வளர்க்கிற மனித செல்), துடைத்து வைத்த மாதிரி வெறுமை. வலது பக்கம் இன்டர்ஃபெரான் காமா 30 நிமிடம். மேலே 91 கிலோடால்டனில் (புரதத்தின் எடை அளவு) ஒன்று, கீழே 84-இல் ஒன்று. ரெண்டு பேண்டா என்று பதறாதீர்கள். மேலே ஸ்டாட் 1-இன் ஆல்ஃபா வடிவம், கீழே வாலில் 38 அமினோ அமிலம் குறைந்த பீட்டா. 701 இரண்டிலும் உண்டு, அதனால் ரெண்டும் தெரிகிறது. எவ்வளவு சுத்தமான கோடு!

அப்பத்தாவிடமும் காட்டினேன். "காய்ச்சல் வந்தா உடம்புக்குள்ள இதுதான் நடக்குதா?" என்று கேட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

நாளைக்கு இதே மெம்பிரேனை ஸ்ட்ரிப் செய்து, அதாவது ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றிவிட்டு, பாஸ்பேட் ஏறியது ஏறாதது எல்லாம் சேர்ந்த மொத்த ஸ்டாட் 1 பார்க்கப் போகிறேன். இடது பக்கமும் பேண்ட் வர வேண்டும். வந்ததும் காட்டுகிறேன்.